செமராபுராவில் ஒரு முழு நாள்: கெர்த்தா கோசா கூரையைக் கீழிருந்து மேலாகப் பார்ப்பது எப்படி

பாலிக்குப் போய்வந்தவர்களிடம் "செமராபுரா பார்த்தீர்களா?" என்று கேட்டால், அது எங்கே இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் திருப்பிக் கேட்பார்கள். அந்த ஊர் வழியாகத்தான் போயிருப்பார்கள், வண்டியை விட்டு இறங்கிக்கூட இருப்பார்கள், ஆனால் பெயர் மனதில் நிற்காது. நான் முதல் முறை போனபோதும் இதுதான் நடந்தது. பெசாக்கி கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சுற்றுலா வேன்காரர் "இருபது நிமிஷம், போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க" என்று இறக்கிவிட்டார். கெர்த்தா கோசா என்று ஒரு மண்டபம், ஒரு குளம், மண்டபத்தின் கூரை முழுக்க ஏதோ ஓவியங்கள். நாலு படம் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். அன்று இரவு அறையில் உட்கார்ந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கூரையில் இருப்பவன் நம்ம பீமன், அவன் இறங்கியிருக்கும் இடம் நரகம். மறுநாளே தனியாக வண்டி பிடித்துத் திரும்பிப் போனேன். அதற்கப்புறமும் போயிருக்கிறேன். அங்கே ஒரு நாளை எப்படிச் செலவழித்தால் நிறைவாக இருக்கும் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் பெயர். இது பாலியின் குளுங்குங் மாவட்டத்தின் தலைநகரம். மாவட்டங்களில் பரப்பளவில் சின்னது இதுதான். ஊருக்கு 1992-இல் பழைய அரண்மனையின் பெயரான செமராபுராவையே அதிகாரபூர்வமாக வைத்தார்கள். செமரா என்பது ஸ்மரன், அதாவது மன்மதன். மன்மதபுரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளூர்க்காரர்கள் இன்றும் ஊரைக் குளுங்குங் என்றுதான் சொல்கிறார்கள். ஓட்டுநரிடம் "குளுங்குங், கெர்த்தா கோசா" என்று சொல்லுங்கள், உடனே புரியும்.

இந்தச் சின்ன ஊரில் இருந்த அரசருக்கு தேவ அகுங் என்று பட்டம். பாலியில் எட்டுத் திசையிலும் தனித்தனி அரசர்கள் இருந்தாலும், மரியாதையில் எல்லோருக்கும் மூத்தவர் இவர்தான். முன்னோர்கள் முதலில் பக்கத்தில் இருக்கும் கெல்கெல் ஊரிலிருந்து ஆண்டார்கள். அங்கே ஒரு அமைச்சர் கலகம் செய்து ஆட்சியைப் பிடித்தார், பிறகு அரச குடும்பம் அதை மீட்டு, 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் குளுங்குங்கில் புது அரண்மனை கட்டியது. இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியை ஊரே சொல்லும்.

போவது எப்படி

விமான நிலையத்திலிருந்தோ தென்பாலியிலிருந்தோ வந்தால், கிழக்குக் கடற்கரையை ஒட்டிப் போகும் ஈடா பாகுஸ் மந்த்ரா பைபாஸ் சாலைதான் நேர்வழி. தென்பாசாரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பாலியில் ரயில் கிடையாது, பழைய பெமோ வேன்களை நம்பி நாளைத் திட்டமிட முடியாது. ஓட்டுநரோடு கார் எடுப்பதுதான் நல்லது. செயலியில் ஒரு வழிக்கு மட்டும் வண்டி பிடித்துப் போய்விட்டு, திரும்ப வண்டி கிடைக்காமல் சாயங்காலம் சாலை ஓரத்தில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு, அதனால் நாள் முழுவதுக்கும் பேசி எடுத்துவிடுங்கள். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள், இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச ஓட்டுநர் உரிமம் இல்லாமல் வண்டியைத் தொடாதீர்கள். விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்காது.

தங்குவதற்கு உபுத் ஊர் வசதி. என்னைக் கேட்டால் சிடெமென் பள்ளத்தாக்கைச் சொல்வேன், வயல்களுக்கு நடுவே அமைதியாக இருக்கும், அங்கிருந்து செமராபுரா பக்கம். வெளிநாட்டுப் பயணிகளுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து பாலி மாகாணம் ஆளுக்கு 1,50,000 ருப்பியா வரி வாங்குகிறது. விசாக் கட்டணத்தோடு சேராத தனிக் கட்டணம் அது, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் கட்டிவிடலாம்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. மார்ச் பக்கம் போகிறவர்கள் நியெப்பி எந்தத் தேதியில் வருகிறது என்று கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று 24 மணி நேரம் தீவு முழுக்க மௌனம், விமான நிலையம் உட்பட எல்லாம் மூடியிருக்கும், நீங்களும் தங்கும் இடத்தை விட்டு வெளியே வர முடியாது.

காலையில் முதல் வேலை கூரை

ஊருக்கு நடுவே நாற்சந்தி, அதில் நான்கு திசையையும் பார்த்து நிற்கும் வெள்ளைச் சிலைகள். அந்தச் சந்தியின் மூலையிலேயே, உயரமான மேடை மேல், நாலு பக்கமும் திறந்த ஒரு மண்டபம் இருக்கிறதல்லவா, அதுதான் கெர்த்தா கோசா. திறந்த உடனே போய்விடுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வர ஆரம்பித்தால் படியில்கூட இடம் இருக்காது, அதோடு காலை வெயில் சாய்வாக உள்ளே வரும்போதுதான் கூரையின் உட்பக்கம் நன்றாகத் தெரிகிறது. சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் கைபேசியில் பெரிதாக்கிப் பாருங்கள், ஒன்றும் தப்பில்லை. கழுத்து வலிக்கும், ஆகவே பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் குளத்தைப் பார்த்தபடி உட்காருங்கள்.

இது நீதிமன்றம். அரசர் காலத்திலும், அப்புறம் டச்சுக்காரர்கள் காலத்திலும் பூசாரிகள் இங்கே உட்கார்ந்து வழக்கு விசாரித்தார்கள். அந்த மேசையும் செதுக்கு வேலைப்பாடு கொண்ட நாற்காலிகளும் நடுவில் இருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவன் எதிரே தரையில் உட்கார்ந்து தலையைத் தூக்கினால் என்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். பொய் சொன்னால் என்ன ஆகும், திருடினால் என்ன ஆகும் என்று தலைக்கு மேலே வரைந்து வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் கூரை வேறு மாதிரி தெரியும்.

மொத்தம் 267 படங்கள், கூம்பு போல மேலே குறுகிப் போகும் ஒன்பது அடுக்குகளில். கண்ட இடத்தில் பார்த்தால் தலை சுற்றும். கீழ் வரிசையில் ஆரம்பித்து, ஒரு அடுக்கை நாலு பக்கமும் சுற்றி முடித்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போங்கள்.

கீழ் வரிசை தந்த்ரி கதைகள். ஒரு பெண் அரசனுக்கு இரவுதோறும் கதை சொல்கிறாள், கதைக்குள் மிருகங்கள் பேசும். பஞ்சதந்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது.

அதற்கு மேலே இரண்டு வரிசைகள்தான் உயிர்நாடி, பீமா ஸ்வர்கா. நமக்குத் தெரிந்த பாரதத்தில் கடைசியில் நரகத்தைக் கண்ணால் பார்ப்பவர் தருமர். பாலிக் கதையில் போகிறவன் பீமன், அதுவும் பெற்றோருக்காக. மானாக இருந்த முனிவரைப் பாண்டு வேட்டையாடிய பாவத்தால் பாண்டுவும் மாத்ரியும் நரகத்தில் கிடக்கிறார்கள். அவர்களை மீட்டு வா என்று குந்தி அனுப்புகிறாள். பெற்ற தாய் இல்லை என்றாலும் மாத்ரியையும் சேர்த்து மீட்கக் கிளம்புகிறான் பாருங்கள், அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பீமனை எப்படி அடையாளம் காண்பது? கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டியிருப்பான், பாலியில் கோயில் மரங்களுக்கும் காவல் சிலைகளுக்கும் சுற்றியிருப்பார்களே, அதே துணி. கட்டைவிரலில் நீண்ட நகம், அதுதான் அவன் ஆயுதம். உருண்டை விழி. கூடவே இரண்டு பணியாட்கள், துவாலெனும் அவன் மகன் மெர்தாவும். பாலியின் தோல்பாவைக் கூத்தில் ஊரைச் சிரிக்கவைக்கும் அதே இருவர்தான், பயப்படுவதும் பேசுவதும் எல்லாம் அவர்கள் வேலை. இவர்களைக் கண்டுபிடித்துவிட்டால் கதை ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படி நகர்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

நரகக் காட்சிகள் கடுமையானவை. கொதிக்கும் கொப்பரை, இலைகளுக்குப் பதில் கத்திகள் தொங்கும் மரம், ராட்சதப் புழுவுக்குப் பால் கொடுக்கும்படி தண்டிக்கப்பட்ட பெண், உடலுறவுக் குற்றங்களுக்கு ஒளிவுமறைவே இல்லாத தண்டனைகள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பீமன் எமகிங்கரர்களோடு மோதி அந்தக் கொப்பரையையே கவிழ்க்கிறான். அந்தப் படத்தைத் தேடிக் கண்டுபிடிக்காமல் கீழே இறங்காதீர்கள்.

நான்காவது அடுக்கு கருடன் அமுதம் தேடிப் போகும் கதை, தாயை அடிமைத்தனத்திலிருந்து மீட்ட கருடன். பெற்றவர்களை மீட்கும் பீமன் கதைக்கு நடுவே இதைக் கொண்டுவந்து வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். ஐந்தாவது பலலிந்தோன், எந்த மாதத்தில் நிலநடுக்கம் வந்தால் என்ன பலன் என்று சொல்லும் படங்கள். எரிமலைத் தீவில் இதற்கெல்லாம் பஞ்சாங்கம் இருப்பதில் வியப்பில்லை. ஆறும் ஏழும் திரும்பவும் பீமன். இப்போது பெற்றோருக்கு அமுதம் வேண்டும் என்று மேலுலகம் போய்த் தேவர்களோடு சண்டை போட்டு, இறந்து, உயிர்பெற்று எழுகிறான். எட்டாவது சொர்க்கம். எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு தாமரை, சுற்றிலும் பொன்னிறப் புறாக்கள். குற்றவாளி நிமிர்ந்து பார்த்தால் நரகத்தைத் தாண்டி அதுவும் கண்ணில் பட்டிருக்கும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பார்ப்பவை அரசர் காலத்து மூல ஓவியங்கள் இல்லை. அவை துணியில் இருந்தன, வெப்பமும் ஈரமும் தின்றுவிட்டன. 20-ஆம் நூற்றாண்டில் பலமுறை புதுப்பித்து, பலகைகளில் திரும்ப வரைந்தார்கள். வரைந்தவர்கள் பக்கத்து ஊரான காமாசான் ஓவியர்கள், அதே மரபில் வந்தவர்கள். அதனால் எனக்கு இது பழசா புதுசா என்ற கேள்வி பெரிதாகத் தோன்றவில்லை.

பக்கத்திலேயே தாமரைக் குளத்துக்கு நடுவே மிதப்பது போல நிற்பது பலே கம்பாங். இதன் கூரையில் சுதசோமன் கதை. 14-ஆம் நூற்றாண்டில் ஜாவாவில் ம்பு தந்துலார் பாடிய காவியம் அது. இந்தோனேசியாவின் அரசுச் சின்னத்தில் இருக்கும் 'பின்னேகா துங்கல் ஈகா', அதாவது பலவாக இருந்தாலும் ஒன்றே என்ற வாசகம் அதிலிருந்துதான் வந்தது. அங்கேயே பதினெட்டுப் பிள்ளைகள் பெற்ற பான் பிராயுத் குடும்பக் கதையும் இருக்கிறது. பிள்ளைகள் அப்பன்மேல் தொற்றிக்கொண்டு ஏறும் படங்களைப் பார்த்தால் நரகம் பார்த்த இறுக்கம் தளரும்.

வாசலும் நினைவுச் சின்னமும்

இப்போது குளத்துக்கு அப்பால் நிற்கும் சிவப்புச் செங்கல் வாசலுக்குப் போங்கள். பெமெடால் அகுங் என்று பெயர், அரண்மனையின் பெருவாசல். அதன் பின்னால் அரண்மனையைத் தேடாதீர்கள், இல்லை. 1908 ஏப்ரல் 28 அன்று டச்சுப் படை அதை அழித்தது. டச்சுக்காரர்கள் அபின் வியாபாரத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டதில் தொடங்கிய எதிர்ப்பு கெல்கெல்லில் மோதலாகி, பீரங்கிகள் வந்துவிட்டன. தோற்பது உறுதி என்று தெரிந்தும் தேவ அகுங் ஜம்பே, தன் குடும்பத்தாரும் ஆட்களுமாகச் சுமார் 200 பேரோடு கிரிஸ் கத்தி ஏந்தித் துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்து வந்தார். யாரும் திரும்பிப் போகவில்லை. சரணடையாமல் கடைசி ஆள் வரை போய் முடிவதற்கு பாலியில் புபுத்தான் என்று பெயர். பாலி முழுவதும் டச்சு ஆட்சிக்குள் வந்தது அந்த நாளோடுதான். அதற்குப் பிறகு இந்த வாசல் கதவு தானாக மூடிக்கொண்டது, யாராலும் திறக்க முடியவில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். படம் எடுப்பதெல்லாம் அப்புறம்.

எதிர்ப்புறம் சாலையைத் தாண்டினால் கருங்கல்லில் புபுத்தான் நினைவுச் சின்னம், 28 மீட்டர் உயரம், அந்தத் தேதியை வைத்து. உள்ளே அன்றைய நிகழ்ச்சிகளைச் சின்னச் சின்னப் பொம்மைக் காட்சிகளாக அமைத்திருக்கிறார்கள். அரண்மனை வளாகத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகம் சின்னதுதான், ஆனால் அரச குடும்பத்தின் பழைய புகைப்படங்களுக்காக ஒரு கால் மணி நேரம் கொடுங்கள். ஏப்ரல் 28-ஐ ஒட்டிப் போனால் ஊரே அந்த நாளை நினைவுகூர்வதைப் பார்க்கலாம்.

சாப்பாடு

இந்த ஊரின் பெயர் சொல்லும் உணவு செரொம்போத்தான். வேகவைத்த கங்குங் கீரை, பயறு, காராமணி, முளைகட்டிய பயறு, சின்னக் கத்தரிக்காய், இவற்றின் மேல் காரமான தேங்காய்த் துருவலும் அரைத்த வேர்க்கடலைச் சாந்தும் போட்டுப் பிசைந்து தருவார்கள். ஓலைக்குள் வெந்த அரிசிக் கட்டியான திபாத்தோடு சாப்பிடுங்கள். காலையிலேயே சந்தையில் கிடைக்கும். பார்க்கக் காய்கறி மட்டும்தான், ஆனால் தேங்காய் மசாலாவில் தெராசி என்ற இறால் விழுது சேர்ந்திருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் "தான்பா தெராசி", தெராசி வேண்டாம் என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள். முன்பே அரைத்து வைத்திருந்தால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, அப்போது வெறும் காயும் கடலைச் சாந்தும் வாங்கிக்கொள்ளலாம், அதிலும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு. லாவார் என்று எதையாவது கொடுத்தால் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள்.

சந்தையிலேயே எந்தெக் துணியும், ஜரிகை சேர்த்து நெய்த சொங்கெத் துணியும் விற்கிறார்கள். எந்தெக்கில் நூலை முதலில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து, அப்புறம்தான் நெய்வார்கள், அதனால் பூவின் ஓரங்கள் லேசாகக் கலங்கித் தெரியும். ஓரம் கத்தரித்தது போல் துல்லியமாக இருந்தால் அச்சடித்த துணியாக இருக்கலாம், துணியைத் திருப்பிப் பாருங்கள். நெய்த துணியில் இரண்டு பக்கமும் நிறம் ஏறியிருக்கும்.

மதியத்துக்கு மேல் காமாசான்

ஊருக்குத் தெற்கே ஓரிரண்டு கிலோமீட்டரில் காமாசான். கூரையில் பார்த்த ஓவியத்தைத் தரையில் உட்கார்ந்து வரைகிறவர்களை இங்கே பார்க்கலாம். காலையில் கூரை, பிற்பகலில் காமாசான் என்ற வரிசையை மாற்றாதீர்கள். கூரையைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அந்த வீடுகளில் என்ன நடக்கிறது என்பது புரியும்.

பருத்தித் துணிக்கு அரிசிக் கஞ்சி போட்டு வெயிலில் காயவைத்து, சோழியால் பளபளக்கும்வரை தேய்க்கிறார்கள். பிறகு ஒருவர் கோடு போடுவார், அதற்கு நிறம் கொடுப்பது பல வீடுகளில் குடும்பத்தில் இன்னொருவர், கடைசியாகக் கறுப்புக் கோடு வந்து எல்லாவற்றையும் எடுத்துக்காட்டும். விளக்குக் கரியில் கறுப்பு, எலும்பை எரித்து வெள்ளை, கல்லையும் மண்ணையும் அரைத்துக் காவி. முகங்கள் எல்லாம் முக்கால் பக்கம் திரும்பியிருக்கும், தோல்பாவைகளின் சாயல். நல்லவனுக்கு ஒடுங்கிய கண், முரடனுக்கு உருண்டைக் கண் என்பது இங்கே இலக்கணம். பீமன் நல்லவன்தான், ஆனால் முரடன், அதனால் அவனுக்கு உருண்டை.

மறைந்த ஓவியர் ஞோமான் மந்த்ரா தன் வீட்டிலேயே ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து இந்த மரபைக் காப்பாற்றியவர். வாங்கப் போகிறவர்கள் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள்: இது என்ன கதை, நிறம் இயற்கையானதா கடையில் வாங்கியதா, யார் வரைந்தது. பதில் சொல்லும் விதத்திலேயே அந்த வீட்டில் வரைந்ததா வெளியிலிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும். கொஞ்சம் பேரம் பேசலாம். மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த பெரிய துணிக்குப் பாதி விலை கேட்காதீர்கள், மனது கஷ்டமாக இருக்கிறது.

இன்னும் நேரம் இருந்தால் கிழக்கே கடலோரம் குசம்பா. கறுப்பு மணலில் கடல் நீரைத் தெளித்துக் காயவைத்து, அந்த மணலை வடிகட்டி, கிடைக்கும் உப்புநீரைப் பிளந்த தென்னந்தடிகளில் ஊற்றி உப்பு எடுக்கிறார்கள். வேலை நடப்பது வெயில் நாளில் மட்டும். 1849-இல் இதே குசம்பாவில்தான் தேவ அகுங் இஸ்திரி கான்யா என்ற அரசியின் படை இரவில் தாக்கியதில் டச்சுத் தளபதி மிக்கீல்ஸ் மாண்டார். அங்கிருந்து சற்று தூரத்தில் கோவா லாவா, ஆயிரக்கணக்கான வௌவால்கள் தொங்கும் குகை முன் ஒரு கோயில். உள்ளே போகச் சாரமும் இடுப்புத் துணியும் கட்ட வேண்டும், மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் உள்ளே வர வேண்டாம் என்று பலகை வைத்திருப்பார்கள். தரையில் வைத்திருக்கும் பூப் படையலை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். நுசா பெனிடா தீவும் இதே மாவட்டம்தானே, போய்விடலாம் என்று அன்றைக்கே கிளம்பாதீர்கள், அதற்குத் தனி நாள் வேண்டும்.

வாங்கிய ஓவியத்தைப் பற்றி ஒரு விஷயம். அதை மடிக்கவே மடிக்காதீர்கள், கஞ்சி போட்ட துணி என்பதால் மடிப்பில் வெடித்து நிறம் உதிரும். படம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, கெட்டியான அட்டைக் குழாயில் போட்டு விமானத்தில் கையோடு எடுத்து வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஈரம் படாத சுவரில் மாட்டுங்கள். கஞ்சி வாசனைக்கு இராமபாணப் பூச்சி வரும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சட்டத்தின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.